அமைச்சர் சொல்லிக்கொண்டிருக்கும் பதில்

நோபேட்டை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று அவனுடைய மனைவி புளோறன்ஸ் கேட்ட கேள்விக்கு, ஒரு பிரதி அமைச்சர் தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு மாரிகாலத்தில் சொல்லத் தொடங்கிய பதில் இன்னும் முடியவில்லை. வெள்ளவத்தையில் ஒரு கல்யாண மண்டபத்தில், ஒலிவாங்கிக்கு முன்னால், ‘நல்ல கேள்வி’ என்று அது தொடங்கியது. இடையில் அவர் தண்ணீர் குடித்திருக்கிறார், பல் கட்டியிருக்கிறார், ஒரு கண்ணுக்குச் சத்திரசிகிச்சை செய்திருக்கிறார். பேச்சை மட்டும் நிறுத்தவில்லை. கொட்டாஞ்சேனையில் சந்தைக்குப் போய் வருகிறவர்கள் முருங்கைக்காய் என்ன விலை என்று சொல்வதுபோல, அவர் அன்றைக்குப் பதிலில் எந்த இடத்தில் நிற்கிறார் என்பதையும் சொல்லிக்கொண்டு போவார்கள். மாமாவின் தென்னந்தோட்டத்தில் நிற்கிறார் என்பார்கள். இல்லை, அங்கேயிருந்து வெளிக்கிட்டு ஒரு கலியாண வீட்டுக்குப் போய்விட்டார் என்பார்கள்.

நோபேட் துறைமுகத்தில் பொருள் தூக்கும் வண்டி ஓட்டினான். ஒரு பொதுக்குழாயைச் சுற்றி ஒட்டி ஒட்டிக் கட்டிய வீடுகளுக்குக் கொழும்பில் தோட்டம் என்று பெயர். கொட்டாஞ்சேனையில் அப்படியொரு தோட்டத்தில் அவர்கள் குடியிருந்தார்கள். அவன் பிறந்தது யுத்தம் நடந்த வடக்கிலுள்ள மன்னார் என்று அடையாள அட்டையில் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலைச் சுற்றிவளைப்பில் ஆண்களையெல்லாம் தெருவில் இருத்தி அட்டைகளைப் பார்த்த சீருடைக்காரர்கள், மன்னாரைக் கண்டதும் அவனை எழுப்பி பஸ்ஸில் ஏற்றினார்கள். அவன் அப்போதுதான் பல் விளக்கத் தொடங்கியிருந்தான். கையிலிருந்த பிரஷ்ஷைப் புளோறன்ஸிடம் நீட்டி, “கோப்பியை மூடி வை. வந்து குடிக்கிறன்” என்றான். அவள் பொலிசுக்குப் போனாள். அங்கிருந்து இன்னொரு பொலிசுக்கும், அங்கிருந்து ஒரு முகாம் வாசலுக்கும் போனாள். எல்லா இடத்திலும் இங்கே இல்லை என்றார்கள். எங்கே என்று ஒருவரும் சொல்லவில்லை. பேப்பரில் ஏதாவது இருக்கும் என்று வாங்கிப் பார்த்தாள். அந்தக் கிழமை ஒரு விழாவில் ஒரு பெரிய ஆள் குத்துவிளக்கை இடது கையால் ஏற்றிவிட்டார். அது கவலையீனமா, அவமதிப்பா, இடது கையில் மோதிரம் இருந்ததா என்று நாலு பக்கம் எழுதியிருந்தார்கள். கொட்டாஞ்சேனையில் தெரு நிறைய ஆண்கள் முழங்காலில் இருந்த செய்தி எங்கும் இல்லை. அவள் கிழமை ராசிபலன் வரைக்கும் வாசித்தாள்.

புளோறன்ஸ் வெள்ளவத்தையில் ஸ்ரீஸ்கந்தராசாவின் புடவைக்கடைக்குச் சேலைக் கரை அடித்துக் கொடுப்பவள். யாழ்ப்பாணத்தவரான ஸ்ரீஸ்கந்தராசாவுக்கு அரசியல் விவாதம் என்றால் பசியும் தெரியாது. அந்த நாட்களில் ஒரு தனியார் வானொலி சனிக்கிழமை பின்னேரங்களில் அரசியல்வாதிகளை மண்டபத்துக்கு அழைத்து, ஆட்களுக்கு முன்னால் விவாதிக்கவிட்டு, அதை நேரடியாக ஒலிபரப்பியது. முதல் வரிசையில் அவர் இருப்பார். வடக்கில் ஷெல் விழுந்துகொண்டிருந்த அந்த மாதங்களில், பாராளுமன்றச் சிற்றுண்டிச்சாலையில் வடை சிறுத்துப் போனதற்கு எந்தக் கட்சி பொறுப்பு என்று அங்கே மூன்று சனிக்கிழமை விவாதித்தார்கள். மூன்றாவது கிழமை கைகலப்பு வரப் பார்த்தது. ஸ்ரீஸ்கந்தராசா புளோறன்ஸைக் கூட்டிக்கொண்டு போனது நல்ல எண்ணத்தில்தான். “கேள்வி கேக்கலாம் தங்கச்சி. நேரடி ஒலிபரப்பு. மறைக்க ஏலாது. முழு நாடும் கேட்டுக்கொண்டிருக்கும்” என்றார்.

அன்றைக்கு விவாதம் இடது கையைப் பற்றியது. வந்திருந்த மூன்று பேரில் பிரதி அமைச்சர் நன்றாகத் தமிழ் பேசுவார். அதனாலேயே எல்லாத் தமிழ் விவாதங்களுக்கும் கட்சி அவரை அனுப்பியது. கேள்வி நேரத்தில் ஒருவர் மோதிரத்தைப் பற்றிக் கேட்டார். இன்னொருவர் விளக்கின் உயரத்தைப் பற்றிக் கேட்டார். ஒலிவாங்கி புளோறன்ஸிடம் வந்தது. அவள் நாலு பேருக்கு முன்னால் வாய் திறக்காதவள். அதனால் இரண்டே இரண்டு வசனத்தைத்தான் ஆயத்தம் செய்திருந்தாள். “என்ட புருசன் நோபேட்டைக் கொட்டாஞ்சேனையில வைச்சுப் பிடிச்சவங்க. அவரை எங்க வைச்சிருக்கிறீங்க?” பிரதி அமைச்சர் சிரித்தார். நல்ல கேள்வி என்றார். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதற்கு முன் தன்னுடைய பாடசாலைக் காலத்தைக் கொஞ்சம் சொல்லவேண்டும் என்றார்.

அமைச்சராக இருப்பவர் பேசி முடிக்கும்வரை ஒலிபரப்பை வெட்டக்கூடாது என்பது நிலையத்தின் விதி. லைசன்சுக்குப் பயந்து போட்டது. அவர் பாடசாலையை முடித்துவிட்டுத் தகப்பனாரின் சேவைகளுக்கு வந்தார். சனங்கள் எழும்பிப் போனார்கள். புளோறன்ஸ் இருந்தாள். மறுநாள் காலை அதே மண்டபத்தில் ஒரு கல்யாணம் இருந்தபடியால், மாலை கட்டுகிறவர்கள் வந்தபோது அவரைக் கதிரையோடு தூக்கி, ஒலிவாங்கியையும் பிடித்துக்கொண்டு, நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். பிறகு வீட்டுக்கு. அவர் சாப்பிடும்போதும் பேசினார். நித்திரையிலும் பேசினார், குரல் கொஞ்சம் தாழ்ந்தது, விஷயம் மாறவில்லை. பார்த்த டாக்டர் இதில் நோய் எதுவும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார். பாராளுமன்றத்துக்கும் பேசிக்கொண்டே போனார். அங்கே யாரும் வித்தியாசம் எதையும் கவனிக்கவில்லை. ஒரு மாதத்தில் நிலையம் அந்தப் பதிலுக்கென்று தனி அலைவரிசை ஒன்றை ஒதுக்கி, மற்ற நிகழ்ச்சிகளை வழமைபோல நடத்தியது.

புளோறன்ஸுக்குப் பிரச்சினை இதுதான்: பதில் எந்த நிமிஷத்திலும் வரலாம். குழாயடிக்குப் போனால் அப்போது வரலாம். அவள் வானொலியை நிறுத்தவே இல்லை. கரை அடிக்கும் மெஷினுக்குப் பக்கத்தில் வைத்து, மெஷினை மிதிக்கவும் பயந்தாள். இரண்டு கிழமையில் ஆள் பாதியாகிவிட்டாள். நோபேட்டோடு துறைமுகத்தில் வேலை செய்த ஒஸ்வால்ட்தான் ஒரு வழி சொன்னான். பெரிய வியாழனன்று நற்கருணைக்கு முன்னால் ஆள் இல்லாமல் போகக்கூடாது என்று கோவிலில் வட்டாரத்துக்கு ஒரு மணித்தியாலம் முறை வைப்பார்கள். அதைப்போல இதற்கும் முறை வைப்போம் என்றான். தோட்டத்தில் எல்லா வீட்டிலும் வானொலி இருந்தது. துறைமுகத்தில் ஆட்களை ஷிப்ட் பிரிக்கிறவன் என்பதால் பத்து நிமிஷத்தில் பிரித்தான். “கேக்கிறவங்க வேற வேலை செய்யலாம். ஆனா வாயால பாட்டுப் படிக்கக்கூடாது” என்றான். பக்கத்து வீட்டு ஸமீமா விடியப்புறத்தை எடுத்துக்கொண்டாள். அவள் வயதில் மூத்தவள் என்பதால் புளோறன்ஸ் அவளை முஸ்லிம்கள் அக்காவைக் கூப்பிடுகிற மாதிரி ராத்தா என்றே கூப்பிடுவாள். “எனக்கு எப்பிடியும் சுபஹுக்கு எழும்பத்தானே வேணும். தொழுதுட்டு இந்த மனிசன்ட புளுகையும் கேக்கிறன்” என்றாள் ஸமீமா.

முதல் வருடம் ஒவ்வோர் ஊர்ப் பெயருக்கும் ஆட்கள் ஓடி வந்தார்கள். “கண்டியாம்! கண்டி எண்டு சொன்னவர்!” என்று ஒருவர் சாரத்தைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார்; அது அமைச்சர் கண்டியில் கிரிக்கெட் விளையாடிய கதை. பூசா என்றார், அந்த ஊரில் இருந்த மறியல் சிறையைப் பற்றி அல்ல, அங்கே தின்ற மீனைப் பற்றி. மட்டக்களப்பு தயிராகவும், வவுனியா ஒரு தூரத்துச் சொந்தக்காரரின் கோபமாகவும் முடிந்தன. பிறகு ஆட்கள் ஓடுவதை விட்டு, ஊர்ப் பெயர் வந்தால் இரண்டு வசனம் பொறுத்துப் பார்க்கப் பழகினார்கள். புளோறன்ஸ் சேலை கொடுக்கப் போகும்போதெல்லாம் ஸ்ரீஸ்கந்தராசா அவளுக்கு ஆறுதல் சொன்னார். “இது முன்னுரைதான் தங்கச்சி. பெரிய ஆக்கள் எடுத்தவுடன விசயத்துக்கு வரமாட்டினம்.” ஐந்தாம் வருடத்திலும் அதையே சொன்னார்.

அந்த வருடங்களில் பிரதி அமைச்சர் முழு அமைச்சரானார். தேர்தலில் தோற்றார். ஒரு வசனத்தை ஆளும் கட்சியில் தொடங்கி எதிர்க்கட்சியில் முடித்தார், அடுத்த வசனத்துக்குள் திரும்பி வந்தார். கொழும்பில் குண்டுகள் வெடித்தன. சமாதானம் வந்து சோதனைச்சாவடிகளின் மணல்மூட்டைகளை அள்ளிக்கொண்டு போனார்கள், பிறகு அதே இடங்களில் புது மூட்டைகள் அடுக்கினார்கள். வானொலிச் செய்தியில் செத்தவர்களை எண்ணிக்கையாகச் சொல்லிவிட்டு, அமைச்சர் இன்று எதைப் பற்றிப் பேசினார் என்பதை விரிவாகச் சொன்னார்கள். அவருடைய பதிலை ஆராய்வதற்கென்றே தொலைக்காட்சியில் ஒரு விவாதம் தொடங்கினார்கள். அவர் இருமியது யாரைக் குறிவைத்து என்று கழுத்துப்பட்டி கட்டிய நாலு பேர் பேசினார்கள். ஒரு பத்திரிகை தினமும் அவர் சேர்ட்டின் நிறத்தைப் பெட்டிச் செய்தியாகப் போட்டது. ஆறாம் வருடம் ஒரு பத்திரிகைக்காரர் கொட்டாஞ்சேனைக்கு வந்து புளோறன்ஸைக் கண்டார். அன்றைக்கு என்ன நிறச் சேலை உடுத்திருந்தீர்கள், அமைச்சர் கிட்டத்தில் பார்க்க எப்படி இருந்தார் என்று கேட்டார். அவள் தன் கேள்வியைச் சொன்னாள். அவர் தலையாட்டினார். ஞாயிறு பேப்பரில் அவளுடைய படம் வந்தது. வரலாற்றுப் பதிலைத் தொடக்கிவைத்த அதிர்ஷ்டசாலி நேயர் என்று போட்டிருந்தார்கள். அவள் கேட்டது மின்சாரக் கட்டணத்தைப் பற்றி என்று எழுதியிருந்தது. அதற்குப் பிறகு எல்லாப் பத்திரிகைகளும் மின்சாரக் கட்டணம் என்றே எழுதின.

பதில் வந்தது எட்டாம் வருடம், ஒரு புதன்கிழமை மத்தியானம். அது புளோறன்ஸின் முறை. ஒரு கத்தரிப்பூ நிறச் சேலைக்குக் கரை அடித்துக்கொண்டிருந்தாள். அமைச்சர் பழைய வாகனங்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அந்தக் காலத்தில் தன்னிடம் ஒரு வெள்ளை ஜீப் இருந்தது என்றார். எங்கேயும் நிற்காத ஜீப் ஒரே ஒரு நாள்தான் நின்றது என்றார். “களனி ஆற்றுக்கு அந்தப் பக்கத்து முகாமுக்குப் போன அன்றைக்குப் பின்சில்லு காற்றுப் போய்விட்டது, கொட்டாஞ்சேனையில் பிடித்த அந்தத் துறைமுகத்துப் பொடியன் நோபேட்டும் அன்றைக்குத்தான் அடிதாங்காமல் செத்துப்போயிருந்தான், பின்வளவில் கிடங்கு வெட்டிக்கொண்டு நின்றவர்களைக் கூப்பிட்டுத்தான் சில்லு மாற்றினோம், ஆனால் அந்த ஜீப்பின் சில்லு இருக்கிறதே, இப்போது அப்படிச் சில்லு வருவதில்லை.” அதற்குப் பிறகு ரப்பரின் தரத்துக்குப் போனார்.

புளோறன்ஸ் கரையை அடித்து முடித்தாள். நூலை வெட்டினாள். சேலையை மடித்தாள். அப்போதுதான் ஸமீமா கையெல்லாம் ரொட்டி மாவோடு வாசலில் நிற்பதைக் கண்டாள். அவளுடைய வீட்டிலும் வானொலி போய்க்கொண்டிருந்தது.

“புள்ள,” என்றாள் ஸமீமா. “நான் கேட்டது சரியா?”

“சில்லைப் பற்றிச் சொன்னவர்,” என்றாள் புளோறன்ஸ்.

“அதுக்கு முந்தி.”

“ஓம் ராத்தா. அதுக்கு முந்தி.”

மாவுக் கையோடேயே ஸமீமா அவளைக் கட்டிப்பிடித்தாள். புளோறன்ஸ் அழவில்லை. சேலையில் மாவு படப்போகிறது என்று சொன்னாள்.

அடுத்த நாள் எல்லாப் பத்திரிகைகளிலும் அந்த வசனம் முன்பக்கத்தில் வந்தது. ஜீப் வெள்ளையா, சாம்பலா என்று ஒன்று கேட்டது. அது அரசாங்க வாகனம் என்றும், சில்லு மாற்றிய செலவை யார் கொடுத்தது என்றும் எதிர்க்கட்சி கேட்டது. பின்சில்லு விவகாரத்தை விசாரிக்க மூன்று பேர் கொண்ட குழு ஒன்றை நியமித்தார்கள். தொலைக்காட்சி விவாதத்துக்கு அன்றைக்கு ஒரு நிஜச் சில்லையே உருட்டிக்கொண்டு வந்து மேசைமேல் வைத்தார்கள். அந்த வசனத்தை முழுதாக, ஒரு சொல்லும் விடாமல், திரையின் கீழே எழுத்தில் ஓடவிட்டுக்கொண்டே ரப்பரைப் பற்றிப் பேசினார்கள். தோட்டத்து ஆட்கள் ஸமீமாவின் வீட்டில் கூடிநின்று அதைப் பார்த்தார்கள். நோபேட்டின் பெயர் வலதுபக்கத்தால் வந்து இடதுபக்கத்தால் போனது. திரும்பவும் வந்தது, திரும்பவும் போனது. ஒஸ்வால்ட் எழும்பித் தொலைக்காட்சிக்குக் கிட்டப் போய், விரலால் அந்தப் பெயரை ஒரு தரம் தொட்டுப் பார்த்தான்.

புளோறன்ஸ் சேலையைக் கொண்டு வெள்ளவத்தைக்குப் போனாள். கால் பக்கம் அடிக்கவேண்டிய கரையை முந்தானைப் பக்கம் அடித்திருந்தாள். அவள் அதைக் கவனிக்கவில்லை, ஸ்ரீஸ்கந்தராசாவும் கவனிக்கவில்லை. அவர் அவளைக் கண்டதும் கதிரையிலிருந்து எழும்பிவிட்டார்.

“கேட்டனீரே தங்கச்சி? அந்த ஜீப் அவருக்குச் சொந்தமே இல்லை! மச்சான்ரை. நான் அப்பவே கண்டனான், அது எழுபத்தெட்டு மொடல்...”

“கேட்டனான் ஐயா. அதில நோபேட்டைப் பற்றியும் சொன்னவர்.”

“எப்ப?”

“அதே வசனத்தில ஐயா.”

ஸ்ரீஸ்கந்தராசா அந்த வசனத்தை மனப்பாடமாகச் சொல்லக்கூடியவர். சொல்லிப் பார்க்கத் தொடங்கினார். ஜீப்பில் தொடங்கி, ஆற்றைக் கடந்து, காற்றுப் போன இடத்துக்கு வந்தார். அதற்கு அடுத்த சொற்களும் அவருடைய வாயிலிருந்து தடையில்லாமல் வந்தன. வந்த பிறகுதான் அவர் அவற்றைக் கேட்டார். கடையில் சேலை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எட்டு வருடம் ஒரு சொல்லும் விடாமல் கேட்டவர், விரித்த சேலைகளுக்கு நடுவில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

ஒஸ்வால்ட் அவளைப் பொலிசுக்குக் கூட்டிப் போனான். மேசையில் இருந்தவர் மரியாதையாகத்தான் கதைத்தார். “மினிஸ்டர் மாத்தயா தாம இவர நே,” என்றார். அமைச்சர் இன்னும் முடிக்கவில்லையே, முடித்தபிறகு வாருங்கள், அரைவாசிப் பதிலை வைத்துக்கொண்டு நாங்கள் எதுவும் எழுத முடியாது என்பது அதன் விளக்கம். மரணச் சான்றிதழ் கொடுக்கிற இடத்திலும் அதைத்தான் சொன்னார்கள். மரண அறிவித்தல் கொடுக்க வானொலி நிலையத்துக்குப் போனபோது அங்கிருந்த பிள்ளை உண்மையாகவே குழம்பிப்போனாள். “அன்ரி, அதைத்தான் அமைச்சரே நேரடியாகச் சொல்லிட்டாரே. நாங்க திரும்பச் சொன்னா அவரைத் திருத்துற மாதிரி இருக்கும்.” தேவாலயத்துச் சுவாமியார் மட்டும் ஒன்றும் கேட்காமல் பூசை வைத்தார். சவப்பெட்டி இல்லாத பூசைக்குத் துறைமுகத்திலிருந்து ஷிப்ட் முடிந்தவர்கள் வேலை உடுப்போடு வந்து பின்னால் நின்றார்கள். ஸமீமா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வாசலில் நின்றாள்.

பூசை முடிந்து வந்த பின்னேரம் புளோறன்ஸ் வானொலிக்கு முன்னால் இருந்தாள். அவளுக்கு இனி அதில் கேட்க எதுவும் இல்லை. எட்டு வருடமாகத் தொடாத குமிழில் விரல் வைத்தாள். அப்போது வாசலில் ஓர் அம்மா வந்து நின்றாள். கையில் சுருட்டிய பாயும் ஒரு பையும் இருந்தன. நடையைப் பார்த்தாலே மலையேறிப் பழகிய ஆள் என்று தெரிந்தது.

“ஏங்க, மினிஸ்டர் பேசுறத மொற வச்சுக் கேக்குற எடம் இதுதானுங்களா? நான் மஸ்கெலியாவுலேர்ந்து வாறேன். பழனியம்மா.”

“இதுதான். ஆனா முடிஞ்சுது அம்மா. எனக்குச் சொல்லிட்டார்.”

“அது தெரியும்மா. தேயிலத் தோட்டத்து லயத்துல ரேடியோவுல கேட்டோம்.” பழனியம்மா பாயை இறக்கி வைத்தாள். “எம் மகன் இராமர். வெள்ளவத்தையில சாப்பாட்டுக் கடையில கொத்துரொட்டி போட்டான். லொட்ஜுல வச்சுப் புடிச்சுட்டுப் போனாங்க, அஞ்சு வருசமாச்சு. ஒங்க வீட்டுக்காரரச் சொன்ன வாயி எம் புள்ளையச் சொல்லாமலா போயிரும்?”

புளோறன்ஸின் விரல் குமிழில் இருந்தது. உள்ளே குரல் போய்க்கொண்டிருந்தது. பழனியம்மா அதைப் பார்த்தாள்.

“இப்ப என்னா பேசுறாரு?”

“மழைக்கோட்டைப் பற்றி.”

“அப்பறம்?”

“தெரியாது அம்மா.” புளோறன்ஸ் குமிழைத் திருப்பிச் சத்தத்தைக் கூட்டினாள். “கவனமாக் கேளுங்க. நடுவில சொல்லுவார்.”

அதற்குப் பிறகு மட்டக்குளியிலிருந்தும் கொலன்னாவையிலிருந்தும் வந்தார்கள். வெள்ளவத்தை லொட்ஜுகளில் தங்கியிருந்த யாழ்ப்பாணத்துத் தாய்மார் ஐந்தாறு பேராக பஸ் பிடித்து வந்தார்கள். ஒஸ்வால்ட் முறைகளை மாற்றிப் பிரித்தான். ஸ்ரீஸ்கந்தராசா கடையைப் பூட்டிவிட்டு வியாழக்கிழமைகளில் வந்து ஓர் ஓரத்தில் இருந்து கேட்டார். இப்போது கேட்கும்போது கண்ணை மூடிக்கொண்டார், விளக்கம் எதுவும் சொல்லவில்லை. அடுத்த வருடம் ஒரு கோழிக்கறிப் பக்குவத்தின் நடுவில், கறுவாவுக்கும் ஏலக்காய்க்கும் இடையில், ஒரு பெயர் வந்தது. மட்டக்குளியிலிருந்து வந்த ரபீக்கா மெல்ல எழும்பித் தன் பாயைச் சுருட்டிக்கொண்டு போனாள். போனவள் மறு கிழமை ஒரு போத்தல் ஊறுகாயோடு வந்து மற்றவர்களுக்காக ஒரு முறையைக் கேட்டு வாங்கினாள். பத்திரிகைகள் அந்தக் கோழிக்கறிப் பக்குவத்தைப் படத்தோடு போட்டன. சமைத்துப் பார்த்தவர்கள் ருசி நல்லது என்றார்கள்.

இரண்டாயிரத்தொன்பதில் யுத்தம் முடிந்தது என்று எல்லா அலைவரிசைகளிலும் சொன்னார்கள். தெருவில் பட்டாசு வெடித்தது, பாற்சோறு கொடுத்தார்கள். அன்றைக்கும் அமைச்சர் நிறுத்தவில்லை. சத்தத்தில் ஒரு சொல் தவறிவிடக்கூடாது என்று பெண்கள் ஜன்னல்களைச் சாத்திவிட்டு வானொலியைச் சுற்றி நெருங்கி இருந்தார்கள். இராமரைப் பற்றி அவர் இன்னும் எதுவும் சொல்லவில்லை. இப்போது மாம்பழத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார், கறுத்தக்கொழும்பானா விலாட்டா திறம் என்று. கேட்கிற முறை பழனியம்மாவுடையது.